தொழுவில் உத்திரம் ஏற்றிய நாள்

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் எங்கள் மாட்டுத்தொழுவின் நடுவே ஒரு தட்டி எழும்பியது. சோளத்தட்டையை நெருக்கி அடுக்கி, மூங்கில் வரிச்சு வைத்துக் கட்டிய தட்டி. பெரியப்பா அதை ஒரே பகலில் தனியாளாகக் கட்டி முடித்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் பெரியப்பாவுடையது என்று ஆயிற்று. மாடுகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிபடவில்லை. மேய்ச்சலிலிருந்து திரும்பியதும் அவை பழைய இடத்துக்கே போய் நின்றன. எங்கள் பசு அந்தப் பக்கமும் அவர்கள் எருமை இந்தப் பக்கமும் நிற்க, யாரும் யாரையும் கூப்பிட முடியாமல் அவரவர் மாட்டை அவரவர் அதட்டினார்கள்.

சண்டை ஒரு காளையால் வந்தது. மேற்கு மலைக்கு மேலே ஆற்றை மறித்து அணை கட்டத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. சுண்ணாம்பும் தானியமும் வண்டி வண்டியாக மலையேறின. எங்கள் பக்கத்து ஊர்களில் வண்டி வைத்திருந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு போய்வந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அப்பா காய்ச்சலில் கிடந்தார். பெரியப்பா வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். செவலையும் மயிலையும் அப்போது இரு வீட்டுக்கும் பொதுவான காளை ஜோடி. ஆனாலும் மயிலை அப்பாவின் மாடு என்பது எல்லோருக்கும் தெரியும். அது பிறந்த மூன்றாம் நாள் தாய்ப்பசு செத்துப்போக, அப்பா மூங்கில் குழாயில் பாலைப் புகட்டி அதை வளர்த்திருந்தார். ஆறாம் நாள் பெரியப்பா, செவலையோடு யாருடைய மாட்டையோ இரவல் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மலைப்பாதையின் வளைவு ஒன்றில் மயிலை சுருண்டு விழுந்து செத்துவிட்டது.

பெரியப்பா உள்ளே வந்து அதைச் சொன்னபோது பெரியம்மா அப்பாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து, கண் சிவக்க அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"பிள்ள பெத்து வளத்திருந்தாத்தான வளத்த உசுரோட அரும தெரியும்."

பெரியம்மா கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழுந்து வெளியே போனார். மறுநாள்தான் அந்தத் தட்டி.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை என்பது உண்மை. ஆனால் நான் பிறந்தபோது அம்மா படுத்த படுக்கையாகிவிட, ஒன்றரை வயதுவரை நான் பெரியம்மாவின் இடுப்பில்தான் இருந்தேனாம். எனக்கு நடை பழக்கியவர் பெரியப்பா. அந்த மனிதரைப் பார்த்துத்தான் அப்பா அப்படிச் சொன்னார். காய்ச்சல் விட்டதும் அப்பாவுக்கே அது உறைத்திருக்க வேண்டும். மாதத்துக்கொருமுறை எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு வந்து பூசை வைக்கும் சாமியாரிடம் முழந்தாளிட்டு அந்தப் பாவத்தைச் சொன்னார் என்று அம்மா பிற்பாடு எனக்குச் சொன்னதுண்டு. சாமியார் பாவத்தை மன்னித்து, போய் அண்ணனிடமும் சொல் என்று அனுப்பியிருக்கிறார். அப்பா கோயிலிலிருந்து நேரே வயலுக்குப் போய்விட்டார். ஆண்டவரிடம் சொல்ல முடிந்ததை அண்ணனிடம் சொல்ல முடியவில்லை.

எனக்கு அந்தப் பக்கம் போகத் தடை. அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்ளத் தடை. ஆனால் கோழிகளோடு பேச யாரும் தடை போடவில்லை. அம்மா வேலியோரம் தவிடு தூவிக்கொண்டே, "எம் மகளுக்கு ரெண்டு நாளா இருமல், கோழி, என்ன செய்யிறதுன்னே தெரியல" என்று சத்தமாகச் சொல்வார். சற்று நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து பெரியம்மா தன் சேவலிடம், தூதுவளையை நெய்யில் வதக்கிக் கொடுத்தால் இருமல் நிற்கும் என்று சொல்லுவார். தட்டி நின்ற அந்த நான்கு மாதமும் எங்கள் கோழிகளைப் போல விவரம் அறிந்த கோழிகள் வேறு எங்கும் இருந்திருக்காது.

ஆனி பிறந்ததும் மேற்கே மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கியது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காற்றுக்கு வளையாத தென்னை கிடையாது. ஒரு நாள் காலை பசு தொழுவுக்குள் போக மறுத்து வாசலிலேயே நின்றது. அப்பா உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். நடு உத்திரம் ஒரு சாண் தொய்ந்திருந்தது.

தொழுவின் நடுவில் இரண்டு பருத்த வேங்கைத் தூண்கள் உண்டு. அவற்றின் தலையை இணைத்துக் குறுக்கே கிடந்தது அந்த உத்திரம். கூரையைத் தாங்கும் கைமரங்கள் எல்லாம் அதன்மேல்தான் சாய்ந்திருந்தன. தட்டி கட்டியபோது ஒரு தூண் எங்கள் பக்கமும் ஒரு தூண் பெரியப்பா பக்கமும் விழுந்துவிட்டன. உத்திரத்தை மட்டும் பங்கு போட முடியவில்லை. அது பாட்டுக்குத் தட்டியின் தலைக்கு மேல் இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. இப்போது அதன் வயிற்றைக் கரையான் தின்றிருந்தது. பசு நிறைமாதச் சினை. சாரல் மழை எந்த நாளும் தொடங்கலாம். கூரை இறங்கினால் இரண்டு பக்கத்து மாடுகளும் அடியில்தான் கிடக்கும்.

அப்பா பக்கத்து ஊருக்குப் போய் ஆசாரியைக் கூட்டி வந்தார். ஆசாரி நாற்பது வயது மனிதர். கேட்ட கேள்விக்குக் கூட அளந்துதான் பதில் சொல்வார். அவர் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பெரியப்பா பக்கமும் பார்த்தார். பெரியப்பா தன் வீட்டுக்கென்று கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி வைத்திருந்த வேங்கை மரம் ஒன்றைக் காட்டினாராம். இப்படியாக மரம் பெரியப்பாவுடையது, ஆசாரி அப்பாவுடையது என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. தம்பிக்கு மரம் கொடுத்தேன் என்று பெரியப்பா சொல்லவில்லை. அண்ணனிடம் வாங்கினேன் என்று அப்பாவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆசாரியிடம்தான் பேசினார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவர் தொழுவைச் சுற்றிவந்து சேதி சொன்னார்.

அப்புறம் துளையில் தகராறு வந்தது. உத்திரத்தின் இரண்டு முனைகளையும் நாக்கு மாதிரி மெலிதாகச் செதுக்குவார்கள். அதற்குக் கழுந்து என்று பெயர். தூணில் அதற்கு ஏற்ற துளை இருக்கும், கழுந்து அதற்குள் உட்காரும். புதுத் தொழு கட்டும்போது இது எளிது. தூணைச் சாய்த்துவைத்து உத்திரத்தைச் செருகித் தூணை நிமிர்த்திவிடலாம். நட்டு நிற்கிற இரண்டு தூண்களுக்கு நடுவில், அவற்றின் இடைவெளியை விட நீளமான ஒரு மரத்தை எப்படிச் செருகுவது? ஆசாரி தரையில் குச்சியை வைத்துக் காட்டினார். ஒரு தூணின் துளையை மட்டும் இரண்டு மடங்கு ஆழமாக வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கழுந்தை முழுவதும் உள்ளே தள்ளினால் இந்தப் பக்க முனை இரண்டு தூண்களுக்கும் நடுவில் அடங்கி வரும். அதை நேராக்கி, பின்னுக்கு இழுத்து இந்தப் பக்கத் துளையில் உட்காரவைக்க வேண்டும். பிறகு ஆழத் துளையில் மிஞ்சிய வெற்றிடத்தில் ஆப்பை அடித்துவிட்டால் மரம் பின்னால் நகராது.

ஆழமாக வெட்டினால் தூணின் பலம் குறையும். எந்தத் தூணில் வெட்டுவது? தன் தூணில் ஒரு விரல்கூட அதிகமாக இறங்கக்கூடாது என்று அப்பா சொன்னார். பெரியப்பாவும் அதையே சொன்னார். இரண்டு நாள் உளி சும்மா கிடந்தது. தேங்காய் அளவு ஒரு பொந்துக்காக இரண்டு வீட்டிலும் சாப்பாடு ஆறிப்போயிற்று. மூன்றாம் நாள் காலை தட்டிக்கு அப்பாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"பொந்த இங்கனயே வெட்டிக்கிரும் ஆசாரி. அங்கன உள்ள தூணு தூர்ல கொஞ்சம் ஈரங்கண்ட தூணு."

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவர் முகமாக இல்லை. அவர் எங்கள் தூணின் அடியில் குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்திரம் ஏற்றுகிற நாள் அன்று ஊரில் ஆளில்லை. திடமான ஆண்கள் எல்லோரும் மலைக்கு அணை வேலைக்குப் போயிருந்தார்கள். கைமரங்களுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, பழைய உத்திரத்தை அறுத்து இறக்கியாயிற்று. தட்டி நின்றால் மரம் உள்ளே வராது என்று ஆசாரி சொன்னதால் அதையும் அவிழ்த்து வெளியே சாய்த்தார்கள். நான்கு மாதத்துக்குப் பிறகு தொழு ஒன்றாகத் தெரிந்தது. நான் மாட்டுக்குத் தீனி போடும் காடிக்குள் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தேன். என்னை விரட்ட யாருக்கும் நேரமில்லை. பிற்பகலில் காற்று வலுத்தது. மலைமேல் மழைமேகம் கறுத்துவிட்டது. முட்டுகள் முனகின.

எங்கள் முனையை அப்பா தோளில் தாங்கினார். அந்த முனையைப் பெரியப்பா தாங்கினார். ஆளுக்கொரு கல்தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றார்கள். ஆசாரி நடுவில் நின்று கைகொடுக்க, பெரியப்பா பக்கக் கழுந்து துளைக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பா தன் முனையை உயர்த்தித் துளைக்கு நேராக வைத்தார். ஆசாரி இழுத்தார். கழுந்து துளையின் வாயில் வந்து நின்றுவிட்டது. ஒரு நெல்மணி அளவு பருமன் கூடிவிட்டதாம்.

இறக்கினால் அந்தப் பக்கக் கழுந்து முறியும் என்றார் ஆசாரி. கயிறு போட்டுத் தொங்கவிடலாம் என்றால் மேலே இருந்தவை வெறும் முட்டில் நின்ற கைமரங்கள். ஆகவே இரண்டு பேரும் அப்படியே நிற்கவேண்டியதாயிற்று. ஆசாரி கழுந்தை இறுக்குவதற்கான இரண்டு மரமுளைகளை வாயில் கவ்விக்கொண்டு, உளியை எடுத்துக் கழுந்தின் கன்னத்தைச் சீவத் தொடங்கினார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. ஒரு சுருள் விழுந்ததும் விரலால் தடவிப் பார்ப்பார், துளையைப் பார்ப்பார், மறுபடி விரலால் தடவுவார். அவருடைய உளி அன்று ஏன் அவ்வளவு மெதுவாகப் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டவரும் இல்லை.

காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. உத்திரம் அப்பாவின் தோளில் உருண்டு தோலைச் சிராய்த்தது. இரத்தம் கசிந்ததைப் பெரியப்பா அந்த முனையிலிருந்து பார்த்துவிட்டார்.

"ஆசாரி, துண்ட மடிச்சுத் தோளுல வைக்கச் சொல்லும்" என்றார்.

ஆசாரியின் வாயில் முளைகள் இருந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு நாட்களாகச் சேதி சுமந்த மனிதர் அன்று சுமக்கவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு நேராக அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"துண்டத் தோளுல வையிடா."

அப்பா ஒரு கையால் தலைத்துண்டை உருவி மடித்துத் தோளுக்கும் மரத்துக்கும் நடுவில் செருகினார். "வச்சிட்டேன்" என்றார். எவ்வளவோ நேரம் கழித்து, "நீங்க தோள மாத்திக்கங்கண்ணே" என்றார்.

நான் வைக்கோலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நான்கு மாதமும் நான் படுக்கும்போது செய்த செபத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தேன். அப்பா அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அதை என் காதால் நான் கேட்க வேண்டும். பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படித்தான். தப்புச் செய்தவர் மன்னிப்புக் கேட்பார், மற்றவர் மன்னித்தேன் என்பார், இருவரும் கட்டிக்கொள்வார்கள்.

ஆனால் பெரியப்பா, எங்கள் காரிப்பசு எப்போது ஈனும் என்று கேட்டார். இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் அப்பா. எங்கள் பக்கம் நின்ற செவலைக்குப் பின்னங்கால் குளம்பு வெடித்திருக்கிறதே என்றார் பெரியப்பா. வேப்பெண்ணெய் போட்டதாக அப்பா சொன்னார். அது போதாது, மஞ்சள் அரைத்துச் சேர்க்க வேண்டும் என்றார் பெரியப்பா. பிறகு மேட்டுவயலில் பாத்தி கட்டியதைப் பற்றி ஒரு பேச்சு. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இதற்காகவா நான்கு மாதம் செபம் செய்தேன்?

அம்மா ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வாசலில் நின்று என்னை அழைத்தார். உள்ளே வரத் தயங்கினார். நான் போய் வாங்கிவந்து, காடியின்மேல் ஏறி அப்பாவின் வாயில் செம்பை வைத்தேன். அவர் இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெரியப்பாவுக்குக் குடு ஆத்தா" என்றார்.

நான் நடந்து அந்தப் பக்கம் போனேன். அங்கிருந்த காடியில் ஏறிச் செம்பைப் பெரியப்பாவின் வாய்க்கு எட்டிப் பிடித்தேன். மோர் அவர் மோவாயில் வழிந்து மார்பில் இறங்கியது. குடித்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்றார். "ஒங்காத்தா கை மாறவே இல்ல."

நான் செம்போடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அப்பா கேட்டார். குரல் தரையைப் பார்த்து வந்தது.

"அந்த வளைவுல... மயில ரொம்ப நேரம் கெடந்துச்சாண்ணே?"

ஆசாரியின் உளி நின்றது. பெரியப்பா மரத்தைத் தோளில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நேரமில்ல. தலைய எம் மடியில எடுத்து வச்சுக்கிட்டேன். சுரைக்குடுக்கையில இருந்த தண்ணியக் குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சிச்சு. அப்பறம் நீ வாறியான்னு பாதையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

காற்று கூரையை அடித்துக்கொண்டிருந்தது. "ஒரு நாள் அந்த எடத்தக் காட்டுங்க" என்றார் அப்பா. "காட்டுறேன்" என்றார் பெரியப்பா.

ஆசாரி மறுபடி ஒரே ஒரு சுருள் சீவினார். இழுத்தார். கழுந்து துளைக்குள் போய் உட்கார்ந்த சத்தம், பெட்டி மூடுவது போலக் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஓடிப்போய் ஆப்பை வைத்துக் கொட்டாப்புளியால் நான்கு அடி அடித்தார். முளைகளையும் அடித்து இறக்கினார். இரண்டு பேரும் தோளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, அவரவர் தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பாவால் கையைத் தூக்க முடியவில்லை. பெரியம்மா எப்போது உள்ளே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. அவர் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் தூணுக்கு வந்தார். அப்பாவின் தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டுச் சிராய்ப்பில் எண்ணெய் தடவினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தி சாயுமுன் மழை இறங்கியது. தட்டி வெளியே நனைந்துகொண்டு கிடந்தது. அதை உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் சோர்ந்துபோய் அடுப்படிக்குப் போனேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று என்னிடம் கேட்டார்.

"ஒண்ணும் பேசலம்மா" என்றேன். அப்பா மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றும், பெரியப்பாவும் மன்னித்ததாகச் சொல்லவில்லை என்றும், இரண்டு பேரும் குளம்பையும் வேப்பெண்ணெயையும் செத்துப்போன மயிலையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும் முறையிட்டேன். சுளகு நின்றது. மயிலையைப் பற்றி யார் முதலில் பேசியது என்று அம்மா கேட்டார். அப்பாதான் என்றேன். என்ன கேட்டார், பெரியப்பா என்ன சொன்னார் என்று அம்மா கேட்க, மடியில் தலை வைத்ததையும் தண்ணீர் கொடுத்ததையும் பாதையைப் பார்த்ததையும் ஒப்பித்தேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "பெரியப்பா சொன்னத மட்டும் சொல்லு" என்றார். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்ததால் நான் கிட்டப் போய், குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். அன்று அம்மாவுக்கு மழைச் சத்தத்தில் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.